ஃப்ராக்டல்: ஒத்திருப்பதா, உடைந்திருப்பதா?

ஃப்ராக்டல் என்றால் என்ன என்று தமிழில் தேடிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். பகுதியும் முழுமையும் ஒரே மாதிரி இருக்கும் வடிவம். கூடவே ஒரு பெரணிச் செடி படம், ஒரு ரோமனெஸ்கோ காலிஃபிளவர் படம், கொஞ்சம் "அண்டத்தில் உள்ளதே பிண்டத்தில்". ஆங்கிலத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. இந்த விளக்கம் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு தமிழில் கலைச்சொல் உருவாக்கப் போனால் தப்பான இடத்தில் போய் நிற்போம் என்பது என் கட்சி. தன்னைத்தானே ஒத்திருத்தல், அதாவது தன்னொப்பு, ஃப்ராக்டலின் இலக்கணம் அல்ல. அந்தச் சொல் எதற்காகப் பிறந்தது என்று பார்த்தாலே இது தெரியும்.

சொல்லுக்குப் பிறந்த வருடம் 1975. பெற்றவர் பெனுவா மாண்டல்பிராட். ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். அந்த வருடம் பிரெஞ்சில் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்புக்காக ஒரு பெயர் தேவைப்பட்டது. மகனுடைய லத்தீன் அகராதியைப் புரட்டும்போது 'ஃப்ராக்டஸ்' என்ற சொல் கண்ணில் பட்டது என்பார்கள். அதற்குப் பொருள் 'உடைந்த'. ஃப்ராக்ஷன், ஃப்ராக்சர் இரண்டும் அதே வேர்தான். அதாவது ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குச் சொல்கிற சொல்லின் தம்பி இது. 'ஒத்த', 'போன்ற', 'பிரதி' என்ற பொருளில் லத்தீனில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு உடைசலைத்தான் எடுத்தார்.

ஏன் உடைசல்? அதற்கு 1967க்குப் போக வேண்டும். 'சயின்ஸ்' இதழில் அவர் எழுதிய பிரபலமான கட்டுரை, பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்று கேட்டது. கேள்வி அவருடையது, தரவு லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சனுடையது. ரிச்சர்ட்சன் ஒரு வானிலை ஆய்வாளர், போரை எதிர்த்த க்வேக்கர். இரண்டு நாடுகளுக்கு இடையே எல்லை நீளமாக இருந்தால் சண்டை வரும் வாய்ப்பு கூடுமா என்று ஆராயப் போனவர், எல்லையின் நீளத்திலேயே நாடுகளுக்குள் ஒத்துப்போகவில்லை என்பதைக் கண்டார். ஸ்பெயின்-போர்ச்சுகல் எல்லைக்கு ஒரு கணக்கு 987 கிலோமீட்டர், இன்னொன்று 1214. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சின்னதாக ஆக ஆக, சின்னச் சின்ன வளைவுகளும் கணக்கில் சேரும், நீளம் ஏறிக்கொண்டே போகும். ரிச்சர்ட்சன் 1953ல் இறந்துவிட்டார். இந்தத் தரவு அச்சேறியது 1961ல்.

மாண்டல்பிராட் இதில் பார்த்தது: நீளம் எவ்வளவு என்று கேட்பது தப்பான கேள்வி. நீளம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்று கேட்க வேண்டும். அந்த வேகத்துக்கு ஒரு எண் உண்டு. அதுதான் பரிமாணம்.

கணக்கு சுலபம். ஒரு நேர்கோட்டை மூன்றில் ஒரு பங்கு அளவுகோலால் அளந்தால் 3 துண்டு. ஒரு சதுரத்தை மூன்றில் ஒரு பங்கு பக்கமுள்ள குட்டிச் சதுரங்களால் நிரப்பினால் 9, அதாவது 3இன் 2ஆம் அடுக்கு. ஹெல்கே வான் கோக் 1904ல் கொடுத்த வளைவில் மூன்றில் ஒரு பங்கு அளவுகோலுக்கு 4 துண்டு. 3ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 4 வரும்? 4இன் மடக்கையை 3இன் மடக்கையால் வகுத்தால் 1.26. கோட்டை விட அதிகம், பரப்பை விடக் குறைவு. பிரிட்டனின் மேற்குக் கடற்கரைக்கு ரிச்சர்ட்சன் தரவிலிருந்து வருவது சுமார் 1.25. அதிகம் வளைவு நெளிவில்லாத தென்னாப்பிரிக்கக் கடற்கரைக்கு 1.02. இந்த எண் சொல்வது கரடுமுரடின் அளவை. எதைப் போல் எது இருக்கிறது என்பதைப் பற்றி அது பேசவே இல்லை.

கோக் எதற்காக அந்த வளைவை வரைந்தார் என்பதையும் கவனியுங்கள். எங்கேயும் அறுபடாத, ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாத ஒரு வளைவு வேண்டும் என்பது அவருக்குத் தேவை. வையர்ஸ்ட்ராஸ் 1872ல் சூத்திரத்தால் செய்ததை, கோக் கண்ணுக்குத் தெரியும்படி செய்ய நினைத்தார். இலக்கு, எல்லா இடத்திலும் முறிந்திருப்பது. அதை அடைய மலிவான வழி, ஒரே முறிவை எல்லா அளவிலும் திரும்பத் திரும்பச் செய்வது. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் தன்னொப்பு இங்கே இம்ப்ளிமென்டேஷன் சமாச்சாரம். கேட்கப்பட்ட ரிக்வயர்மென்ட் முறிவுதான்.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். கோக் வளைவில் ஒவ்வொரு முறையும் முக்கோண மேட்டை வெளிப்பக்கம் வைப்பதா உட்பக்கம் வைப்பதா என்று நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள். கிடைக்கும் உருவம் நிஜமான கடற்கரை மாதிரி இருக்கும். எந்தப் பகுதியும் முழுமையின் பிரதியாக இருக்காது. பரிமாணம் மட்டும் அதே 1.26. "இதுவும் தன்னொப்புதான், ஆனால் புள்ளியியல் தன்னொப்பு" என்று இதற்குப் பதில் சொல்வார்கள். 1967 கட்டுரையின் துணைத்தலைப்பிலேயே அந்தச் சொற்றொடர் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 'ஒரே மாதிரி' என்ற சொல்லுக்குள் 'சராசரியாக அதே அளவு முரடு' என்று திணித்த பிறகு, பேசுவது ஒப்பைப் பற்றியா முரட்டைப் பற்றியா?

எதிர்ப்பக்கம் இன்னும் சுலபம். நேர்கோட்டை எங்கே வெட்டினாலும் துண்டு முழுக்கோட்டின் சிறு பிரதி. சதுரமும் அப்படியே. தன்னொப்பில் இவற்றை அடித்துக்கொள்ள ஆளில்லை. இவற்றை யாராவது ஃப்ராக்டல் என்கிறோமா?

சரி, அப்ப எதுதான் ஃப்ராக்டல்? மாண்டல்பிராட் முதலில் கறாராக ஒரு வரையறை தந்தார். ஒரு வடிவத்தின் ஹௌஸ்டார்ஃப் பரிமாணம் (1918லேயே வந்துவிட்ட கருத்து) அதன் டோபாலஜி பரிமாணத்தை விட அதிகமாக இருந்தால் அது ஃப்ராக்டல். டோபாலஜி பரிமாணம் என்பது நாம் பள்ளியில் படித்தது. புள்ளிக்கு 0, கோட்டுக்கு 1, பரப்புக்கு 2. கோக் வளைவுக்கு 1, ஆனால் ஹௌஸ்டார்ஃப் கணக்கில் 1.26. உபரி இருக்கிறது, ஆகவே ஃப்ராக்டல். நேர்கோட்டுக்கு 1, 1. உபரி இல்லை. அழகான வரையறை. 'பின்னப் பரிமாணம் இருந்தால் ஃப்ராக்டல்' என்று சிலர் சொல்வது இதன் தப்பான சுருக்கம். சியர்பின்ஸ்கி முக்கோணத்தை முப்பரிமாணத்துக்குக் கொண்டு போய் நான்முகியாகச் செய்தால், அளவைப் பாதியாக்கினால் 4 பிரதி. பரிமாணம் சரியாக 2. முழு எண்தான். ஆனாலும் அதன் டோபாலஜி பரிமாணம் 1 என்பதால் அது ஃப்ராக்டலே.

வேடிக்கை என்னவென்றால், டி-ஷர்ட் முதல் காபிக் கோப்பை வரை அச்சாகியிருக்கும் மாண்டல்பிராட் கணம் இந்த வரையறையில் தேறாது. அதன் நடுவே இதய வடிவில் பெரிய கறுப்புப் பரப்பு இருக்கிறது. ஆகவே இரண்டு பரிமாணமும் 2. உபரி பூஜ்யம். அதன் விளிம்பு மட்டும் தேறும். விளிம்பின் ஹௌஸ்டார்ஃப் பரிமாணம் 2 என்று மிட்சுஹிரோ ஷிஷிகுரா 1990களில் நிரூபித்தார். அந்த விளிம்பில் பெரிதாக்கப் பெரிதாக்க வரும் 'குட்டி மாண்டல்பிராட்'கள் கூட நகல்கள் அல்ல. ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள இழைகள் இடத்துக்கு இடம் மாறும். தன்னொப்புக்கு உதாரணமாக உலகம் காட்டும் படம், துல்லியமான தன்னொப்பு இல்லாத படம்.

இந்த வரையறைக்கு இன்னொரு தலைவலி, பேய்ப் படிக்கட்டு. கேண்டர் சார்பின் வரைபடம். எண்ணற்ற படிகள், எந்த அளவில் பார்த்தாலும் படிகள். ஆனால் மொத்த நீளம் வெறும் 2, பரிமாணம் 1. வரையறைப்படி வெளியே. இதை ஃப்ராக்டல் என்று அழைக்கத் தனக்கே ஆசையாக இருக்கிறது, வரையறை விடமாட்டேன் என்கிறது என்ற பொருளில் மாண்டல்பிராட் எழுதியிருக்கிறார். நேர்மையான ஆள். ஆனால் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு வருத்தம். வரையறையிலிருந்து பின்வாங்கினார். 1980களின் நடுவில் 'ஏதோ ஒரு விதத்தில் முழுமையைப் போன்ற பகுதிகளால் ஆனது' என்ற ரீதியில் ஒன்றைச் சொன்னார். ஜென்ஸ் ஃபெடர் 1988ல் தன் புத்தகத்தில் அதைப் பதிவு செய்தார். இன்று நாம் தேடியதும் கிடைக்கும் விளக்கத்தின் ஊற்று ஏறக்குறைய இதுதான். 'ஏதோ ஒரு விதத்தில்' என்று சொல்லிவிட்டால் எது உள்ளே வராது? என் கை விரலும் கையும் ஏதோ ஒரு விதத்தில் ஒன்று போலத்தான்.

கென்னத் ஃபால்கனர் செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஃப்ராக்டலுக்கு வரையறை தேடுவது, உயிரியலில் 'உயிர்' என்பதற்கு வரையறை தேடுவது போல என்றார். எவ்வளவு நெருங்கினாலும் நுண்கட்டமைப்பு, பழைய வடிவியலில் அடங்காத முரடு, பெரும்பாலும் ஏதாவது தன்னொப்பு, வழக்கமாக உபரிப் பரிமாணம் என்று குணங்களைப் பட்டியல் போட்டார். தன்னொப்பு அங்கே இருக்கிறது, ஆனால் பல பேரில் ஒருவராக இருக்கிறது.

இதெல்லாம் சொல் விளையாட்டு, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் உண்டு. 1998ல் அவ்னிர், பிஹாம், லைடர், மல்காய் என்ற நால்வர் 'சயின்ஸ்' இதழில் ஒரு சங்கடமான கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். இயற்பியல் இதழ்களில் 1990 முதல் 1996 வரை ஃப்ராக்டல் கண்டோம் என்று அறிவித்த 96 ஆய்வுகளைப் பார்த்தார்கள். மிகச்சிறிய அளவுகோலுக்கும் மிகப்பெரிய அளவுகோலுக்கும் உள்ள விகிதம் சராசரியாகச் சுமார் 20 மடங்கு. எல்லையற்ற அடுக்குகள் என்று நாம் பேசும் சமாச்சாரத்துக்கு ஆதாரம், 1 செ.மீ.க்கும் 20 செ.மீ.க்கும் நடுவே போட்ட ஒரு நேர்கோடு!

அந்த நேர்கோடு எவ்வளவு மலிவு என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சதுரத்தில் 1000 புள்ளிகளைக் கண்டபடி இறைத்துவிடுங்கள். எந்த அமைப்பும் இல்லை. பக்கத்தை 10, 20, 40, 80 என்று பிரித்துக் கட்டங்கள் போட்டு, எத்தனை கட்டங்களில் புள்ளி விழுந்திருக்கும் என்று நிகழ்தகவுச் சூத்திரத்தில் கணக்கிட்டால் முறையே 100, 367, 744, 926 வருகிறது. இதை லாக்-லாக் கிராஃபில் போட்டுக் கோடு பொருத்தினால் சாய்வு 1.07. ஆர்-ஸ்கொயர் 0.90. பார்க்க மரியாதையான எண்கள். ஆனால் அடுத்தடுத்த சாய்வுகளைத் தனித்தனியாகப் பாருங்கள். 1.88, 1.02, 0.32. நேர்கோடே இல்லை, 2லிருந்து 0க்கு இறங்கும் ஒரு வளைவு. எட்டு மடங்கு வீச்சில் மட்டும் பார்த்ததால் கோடாகத் தெரிகிறது. பைத்தானில் இருபது வரி எழுதி எந்தப் படத்துக்கும் 'ஃப்ராக்டல் பரிமாணம்' வாங்கிவிடலாம். நிரல் ஒருபோதும் 'இது ஃப்ராக்டல் இல்லை' என்று சொல்லாது. எதைக் கொடுத்தாலும் ஒரு எண் கொடுக்கும்.

ஜாக்சன் பொல்லாக் விவகாரத்தில் இது ஓவிய வியாபாரம் வரை போனது. தரையில் கேன்வாஸை விரித்துப் பெயின்டைச் சொட்டவிட்டு வரைந்த அமெரிக்க ஓவியர் அவர். அவருடைய சொட்டோவியங்கள் ஃப்ராக்டல் என்று ரிச்சர்ட் டெய்லரும் சகாக்களும் 1999ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பிறகு பொல்லாக் பெயரில் புதிதாகக் கிடைத்த ஓவியங்கள் அசலா என்று பார்க்கவும் அந்தக் கணிப்பு பயன்பட்டது. கோடிக்கணக்கான டாலர் விஷயம். 2006ல் கேத்ரின் ஜோன்ஸ்-ஸ்மித்தும் ஹர்ஷ் மாதூரும் அதே இதழில் மறுத்தார்கள். வீச்சு போதாது என்றார்கள், நட்சத்திரங்களாகக் கிறுக்கிய ஒரு படமும் அந்த அளவுகோல்களில் 'பொல்லாக்' ஆகத் தேறுகிறது என்று காட்டினார்கள். டெய்லர் அதற்குப் பதில் எழுதினார். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: புதிதாகக் கிடைத்தவற்றில் தான் சோதித்த ஆறு ஓவியங்கள் பொல்லாக் பாணியோடு பொருந்தவில்லை என்று டெய்லர் சொல்லியிருந்தார். 2007ல் அந்தத் தொகுப்பின் சில ஓவியங்களை ஹார்வர்ட் வேதியியல் ரீதியாக ஆராய்ந்தபோது, பொல்லாக் இறந்த 1956க்குப் பிறகே சந்தைக்கு வந்த நிறமிகள் அகப்பட்டன. நிறமி ஒரு தெளிவான 'இல்லை'யைச் சொன்னது. ஃப்ராக்டல் என்ற சொல்லால் அந்த உறுதியோடு 'இல்லை' சொல்ல முடியவில்லை.

நம் பக்கம் இந்தச் சொல் அதிகம் புழங்குவது கோயில்களைப் பற்றிய பேச்சில். கஜுராஹோவின் கந்தாரிய மகாதேவர் கோயில் சிகரத்தில் குட்டிச் சிகரங்கள் ஒட்டி ஒட்டி எழுவதைப் பார்க்கிறவர்களுக்கு இந்த நினைப்பு வருவது இயல்பு. ஆனால் அடுக்குகளை எண்ணினால் மூன்றோ நான்கோ, அதோடு கல் தீர்ந்துவிடும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் பாருங்கள். ஒவ்வொரு தளத்திலும் சுற்றிலும் சின்னச் சின்னக் கோயில்கள். மூலைகளில் இருப்பது கர்ணகூடம், நடுவில் நீளவாக்கில் இருப்பது சாலை, இடையில் வருவது பஞ்சரம். சதுரத் தரை கொண்டது கூடம், வண்டிக்கூண்டு போல் கூரை கொண்டது சாலை. ஒவ்வொன்றும் வேறு வேறு வகைக் கட்டடத்தின் சிற்றுரு, ஒவ்வொன்றுக்கும் இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஸ்தபதியின் சொற்களில் இவ்வளவு தகவல் இருக்கிறது. 'விமானம் ஒரு ஃப்ராக்டல்' என்றதும் இத்தனையும் அழிந்து, 'சின்னது பெரிசு மாதிரி இருக்கு' என்பது மட்டும் மிஞ்சுகிறது. பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு இருந்த சொற்களையும் தொலைப்பது இது.

கோலத்துக்கும் இதே கதி. ஆனால் அங்கே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974லேயே கோலங்களைக் கணினியியலின் இலக்கண விதிகளால் விவரித்துக் கட்டுரை எழுதினார்கள். ஃப்ராக்டல் என்ற சொல் பிறப்பதற்கு முந்தைய வருடம். அவர்கள் கேட்டது, எந்த விதியைத் திரும்பப் பயன்படுத்தினால் இந்தக் கோலம் வரும் என்பது. அது ரிகர்ஷன், மறுநிகழ்வு. நான்கு முறை விதியைப் போட்டால் ஒரு கோலம், ஐந்து முறை போட்டால் இன்னும் பெரிய கோலம். ஃப்ராக்டல் என்பது விதியை முடிவேயில்லாமல் போட்டால் எட்டும் எல்லை உருவத்துக்குப் பெயர். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருப்பதால் என் ஹார்ட் டிஸ்க் ஃப்ராக்டல் ஆகிவிடாது.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 'ஒப்பு', 'நிகர்', 'பிரதி' என்ற வேர்களில் எதையாவது வைத்து ஃப்ராக்டலுக்குச் சொல் செய்தால் மேலே சொன்ன குழப்பம் முழுவதையும் நாம் பெயரிலேயே பதித்துவிடுவோம். நேர்கோடும் சதுரமும் உள்ளே வந்துவிடும், நாணயம் சுண்டி வரைந்த கடற்கரை வாசலில் நின்று தகராறு செய்யும்.

தேடி அலையவும் வேண்டாம். பள்ளிக்கூடத்து 'பின்னம்' இருக்கிறதே! அரை, கால், முக்காலுக்கு நாம் சொல்லும் அதே சொல். சமஸ்கிருத 'பின்ன' என்பதற்குப் பொருள் உடைந்த, பிளந்த. கோயிலில் மூக்கு உடைந்த சிலையைப் 'பின்னமாகிவிட்டது' என்பார்கள். 'சின்னாபின்னம்' என்று தினமும் சொல்கிறோம். லத்தீனில் ஃப்ராக்டஸ் என்ற ஒரே வேரிலிருந்து எண்ணின் துண்டும் எலும்பின் முறிவும் வந்தது போலவே, தமிழிலும் ஒரே சொல்லில் அரையும் காலும் உடைந்த சிலையும் இருக்கின்றன. மாண்டல்பிராட் அகராதியில் தேடிய இரட்டைப் பொருள் நமக்குச் சும்மாவே கிடைக்கிறது. 'பின்னவுரு' என்று வைத்தால் என்ன?

இதற்கு இரண்டு ஆட்சேபம் தோன்றுகிறது. ஒன்று, காதில் 'பின்னல்' என்று விழும், ஜடை ஞாபகம் வரும். இது சமாளிக்கக்கூடியது. பின்னம் என்று சொல்லும்போது ஜடை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. இரண்டாவது கொஞ்சம் கனமானது. 'பின்னப் பரிமாணம் உள்ள உரு' என்று புரிந்துகொண்டு, பரிமாணம் 2 உள்ள அந்த நான்முகியை ஒருவர் வெளியே தள்ளக்கூடும். ஆங்கிலத்திலும் ஃப்ராக்ஷன் என்ற ஒலியால் இதே தவறு நடக்கிறது என்பது ஆறுதல் அல்ல. ஆனால் இது திருத்தக்கூடிய தவறு, ஒரு எதிர் உதாரணம் போதும். 'ஒரே மாதிரி இருப்பது' என்ற தவறைத் திருத்தத்தான் மேலே இவ்வளவு எழுத வேண்டியிருந்தது.

ஆகவே இந்தக் குறிப்புகளில் இனி பின்னவுரு என்றே எழுதப் போகிறேன், முதல் தடவை வரும்போது மட்டும் பக்கத்தில் ஃப்ராக்டல் என்று போட்டுவிட்டு. தன்னொப்பு என்பதைக் கோக் வளைவு, சியர்பின்ஸ்கி முக்கோணம் மாதிரி நிஜமாகவே பிரதி இருக்கும் இடங்களுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்கிறேன். மல்ட்டிஃப்ராக்டலுக்கு 'பல்பின்னவுரு' என்று எழுதிப் பார்த்தேன், பல்லில் ஏதோ ஃப்ராக்சர் மாதிரி இருக்கிறது. அதற்கு வேறு யோசிக்க வேண்டும்.